எல்லோருக்கும் பத்து

மாத்தளையில் நீர்ப்பாசனத் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்த ஆறுமுகநாதன் சனிக்கிழமை இரவுத் தொலைக்காட்சியை மனப்பூர்வமாக வெறுத்தார். அதனாலேயே ஒரு சனிக்கிழமையையும் தவறவிட்டதில்லை.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு அது. கைத்தொலைபேசியில் குறுஞ்செய்தி அனுப்பிப் பாடகரைத் தெரிவுசெய்யும் பழக்கம் நாட்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. போட்டியாளர் வருவார். அவருடைய ஓட்டை வீட்டைக் காட்டுவார்கள். தாயார் அழுவார், நடுவர் அழுவார், பிறகு சவர்க்கார விளம்பரம் வரும். இவற்றுக்கு இடையில் நேரம் மிஞ்சினால் பாட்டும் உண்டு.

"உது பாட்டுப் போட்டியோ, செத்தவீடோ?" என்பார் ஆறுமுகநாதன்.

எங்கள் ஒழுங்கையில், அந்தக் குறுகிய தெருவில், எல்லா வீட்டிலும் டிவி இருந்தது. என்றாலும் சனிக்கிழமை இரவு எல்லோரும் அவர் வீட்டில்தான் கூடினோம். பாட்டை எங்கேயும் கேட்கலாம், திட்டை அங்கேதான் கேட்கலாம். செய்திகள் முடியும்வரை மனுஷர் வாயே திறக்கமாட்டார். வடக்கிலே எந்தக் குண்டு எங்கே விழுந்தாலும் முகத்தில் அசைவிராது. அந்த வருஷங்களில் யாழ்ப்பாணத்துத் தமிழர் ஒருவர் மாத்தளையில் இருந்துகொண்டு உரக்கக் குறைசொல்லக்கூடிய காரியங்கள் அதிகமில்லை. பாட்டுப் போட்டி அவற்றில் ஒன்று. ஆகவே எல்லாவற்றுக்கும் சேர்த்து அதையே திட்டினார்.

"தொண்டைக்குள்ள பூனை படுத்திருக்கு. ரெண்டு மார்க்."

"ஐயா, அந்தப் பொண்ணுதாங்க போன வாரம் முதலாவதா வந்துச்சு" என்பார் எதிர்வீட்டுச் செல்லையா. பஜாரில் மிளகும் ஜாதிக்காயும் வாங்கி விற்பவர்.

"அப்ப ஒண்டரை."

கூட்டம் சிரிக்கும். ஆறுமுகநாதனின் மனைவி சந்திரவதனா பெரிய கேத்தலில் பால் கலக்காத பிளேன்டி கொண்டுவருவார். இளவயதில் கொஞ்சக்காலம் வயலின் கற்றுக்கொண்டவர் என்பதைத் தவிர ஆறுமுகநாதனுக்கு வேறு சங்கீதத் தகுதி கிடையாது. எங்களுக்கு அந்தக் கொஞ்சமும் கிடையாது. எனவே ஒழுங்கையில் அவர் வைத்ததே தீர்ப்பு. அந்த நடுவர் நாற்காலியை அவர் உத்தியோகத்தைவிடப் பெரிதாக மதித்தார். உத்தியோகத்துக்கு ஓய்வு வயது உண்டல்லவா?

அப்படியிருக்கையில்தான் ஒரு தொலைக்காட்சி நிலையம் மாத்தளைக்கே வந்து ஆரம்பத் தெரிவு நடத்தப்போவதாக அறிவித்தது. தமிழ்ப் பாட்டும் பாடலாம். தமிழ் தெரிந்த உள்ளூர் நடுவர் ஒருவர் வேண்டும். மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் யாரோ ஆறுமுகநாதன் பெயரைச் சொல்லிவிட்டார்கள்.

ஒழுங்கை கொதித்தது. அதிலும் செல்லையாவின் மகள் இராஜகுமாரி விண்ணப்பம் போட்டிருந்தாள். நன்றாகப் பாடுகிற பிள்ளை. செல்லையாவுக்குத்தான் கவலை.

"ஐயா, நம்ம புள்ளன்னு பாக்காதீங்க. நெசத்த போடுங்க" என்றார், வேறெதையோ எதிர்பார்க்கும் குரலில்.

"என்ரை சொந்தப் பிள்ளை வந்து நிண்டாலும் சுருதி விலகினால் ரெண்டுதான்" என்றார் ஆறுமுகநாதன்.

இதைக் கேட்டபிறகு யார் வீட்டில் இருப்பார்கள்? தலைகள் உருளுவதைப் பார்க்க ஒழுங்கை முழுவதும் மண்டபத்துக்குப் போனது. வாசலில் பொலிஸார் அடையாள அட்டை பார்த்து, ஒருவருடைய ஆர்மோனியப் பெட்டியைத் திறந்து, கட்டைகளைத் தனித்தனியே தட்டிப்பார்த்த பிறகுதான் உள்ளே விட்டார்கள்.

மேசையில் மூன்று நடுவர்கள். ஆளுக்குப் பத்து மார்க். ஆறுமுகநாதன் கோட்டுப் போட்டு, புருவத்தைச் சுருக்கி, வலது ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

முதலில் வந்தவள் யட்டவத்தை ஊர்ச் சிங்களப் பெண். மைக்குக்குப் போகவில்லை. நேரே மேசையைச் சுற்றி வந்து, வெற்றிலைக் கட்டை இரண்டு கையாலும் நீட்டிக் கொடுத்து, முழந்தாளிட்டு ஓரத்தில் இருந்த ஆறுமுகநாதனின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். சிங்களப் பிள்ளைகள் பரீட்சைக்குப் போகும்போதும் பெரியவர்களை இப்படித்தான் கும்பிடுவார்கள். டிவியில் இந்தப் பகுதியைக் காட்டுவதில்லை. ஆகவே ஆறுமுகநாதன் இதற்குத் தயாராக வரவில்லை.

காலில் விழுந்த பிள்ளையைச் சும்மா எழுப்பக்கூடாது. அது அவர் வளர்ந்த வீட்டுச் சட்டம். கை தானாக அவள் தலைக்குப் போனது. "ஜயவேவா" என்றார், வெற்றி கிடைக்கட்டும் என்று.

அவள் பாடினாள். பேருந்து பிரேக் பிடிப்பதுபோல இருந்தது. செல்லையா என் காதில், "இப்ப பாருங்க, அரைதான்" என்றார்.

ஆறுமுகநாதன் பேனையை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். வாயால் வெற்றியை வாழ்த்திவிட்டுக் கையால் தோற்கடிப்பதா? பத்துப் போட்டார்.

அடுத்தவனும் விழுந்தான். வஹகோட்டைத் தேவாலயப் பாடகர் குழுப் பையன், சிலுவை போட்டுக்கொண்டு வந்தவன், அவனும் முன்னால் போனவர்களைப் பார்த்து விழுந்தான். ரிவர்ஸ்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவனுக்கு அந்த மலைப்பனி தொண்டையிலேயே தங்கிவிட்டிருந்தது. அவனும் விழுந்தான். "முதலாவதா வருவாய்" என்றார் ஆறுமுகநாதன். அடுத்தவளிடமும் அதையே சொன்னார். முதலாமிடத்துக்கு இத்தனை பேரை எந்த நடுவரும் வாழ்த்தியிருக்கமாட்டார். எல்லோருக்கும் பத்து. இராஜகுமாரி விழுந்தாள், நன்றாகவே பாடினாள், அவளுக்கும் பத்து.

மற்ற இரு நடுவர்களில் ஒருவருக்குச் சத்தம் பிடிக்கும், மற்றவருக்குத் தூக்கம் பிடிக்கும். இவருடைய மார்க் எல்லோருக்கும் ஒன்றாகப் போனதால் அவர்கள் இருவரும் சொன்னதே முடிவாயிற்று. ஊளையிட்ட ஒரு பையன் கொழும்புக்குத் தெரிவானான். இராஜகுமாரி ஒரு மார்க்கால் விடுபட்டாள்.

மண்டப வாசலிலேயே அவளுடைய தாய் பாலாமணி பிடித்துக்கொண்டார்.

"நல்ல மெளகையும் பொக்கு மெளகையும் ஒரே வெலைக்கு எடுத்தா யாருக்குங்க நட்டம்? பொக்கு வெச்சிருந்தவனுக்கா?"

"அவளுக்கும் பத்துத்தானே போட்டனான், பிள்ளை."

"அந்த ஊளைக்கும் பத்துத்தானேங்க! அதுக்கு ரெண்டு போட்டிருந்தா எம்புள்ள இந்நேரம் கொழும்பு!"

"ஜயவேவா எண்டு சொல்லிப்போட்டு ரெண்டு போடேலுமோ?"

"அப்ப வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாமேங்க!"

ஆறுமுகநாதன் நாற்காலி பறிபோனதை உணர்ந்தது அப்போதுதான். கருணைக்காக மனிதரை மன்னிக்கலாம். ஆனால் கருணையுள்ளவர் திட்டினால் யாருக்குச் சிரிப்பு வரும்?

அடுத்த சனிக்கிழமை ஒருவரும் போகவில்லை. அவரவர் வீட்டில் அவரவர் டிவி பாடியது. சந்திரவதனா பழக்கத்தில் பெரிய கேத்தலைத்தான் வைத்திருந்தார். திரையில் ஒருவன் பாடி முடித்தான். "மூண்டு" என்றார் ஆறுமுகநாதன், சுவரைப் பார்த்து.

"இஞ்சரப்பா, எனக்கெண்டால் நல்லாத்தான் இருந்தது" என்றார் சந்திரவதனா.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. இராஜகுமாரி உள்ளே வந்து டிவியை மறைத்துக்கொண்டு நின்றாள். பின்னால் பாலாமணி, "வாடி வீட்டுக்கு" என்று இழுத்துக்கொண்டிருந்தார்.

"அங்கிள், நான் இப்ப கால்ல விழமாட்டேன். நின்னுக்கிட்டுதான் இருக்கேன். நெசமான மார்க்க சொல்லுங்க."

"வேண்டாம், பிள்ளை. போனது போகட்டும்."

"சொல்லுங்க."

ஆறுமுகநாதன் மனைவியைப் பார்த்தார். உதவி வரவில்லை. தொண்டையைச் செருமினார்.

"தொடக்கத்தில சுருதி சுத்தம். ரெண்டாம் அடியில மூச்சை முந்தி விட்டிட்டாய். மேல போகேக்க பயந்துபோய்ப் பாதியில இறங்கினாய், பேந்து ஏறவேயில்லை." பிறகு, "ஆறரை" என்றார்.

"ஆறரையா!" என்றது இராஜகுமாரியல்ல, பாலாமணி. இழுத்துக்கொண்டிருந்த கையை விட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டார். "எம்புள்ளைக்கு ஆறரையாங்க? அப்ப அந்த ஊளைக்கு?"

"அதுக்கு ஒண்டும் இல்லை. சுத்த முட்டை. அவன்ரை பாட்டைக் கேட்டால் நாய் வெக்கப்படும்."

"அம்மா, சும்மா இரு. எங்கங்க பயந்தேன் அங்கிள்? நான் பயப்படல, மைக்குதான் எட்டல."

"மைக்கிலை பழி போடாதை!"

மைக் எட்டியதா இல்லையா என்று காட்ட அவள் அந்த அடியை அங்கேயே பாடினாள். அவர் இடையில் மறித்து, "பார், இஞ்சை, இஞ்சைதான்!" என்று கத்தினார். பாலாமணி இருவரையும்விட உரக்கக் கத்தினார். சத்தம் கேட்டு முதலில் செல்லையா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். பிறகு பக்கத்து வீட்டார், அதற்கடுத்த வீட்டார், கடைசியில் நானும் போனேன். சந்திரவதனா எல்லோருக்கும் பிளேன்டி ஊற்றினார். டிவியின் சத்தத்தை யாரோ குறைத்துவிட்டிருந்தார்கள்.

அன்றைய போட்டியில் வெளியேற்றப்பட்டவர் யார் என்று எங்கள் ஒழுங்கையில் இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.