பூவரசன் மூக்கு

பேரணாம்பட்டுத் தோல் தொழிற்சாலை ஒன்றில் பூவரசனின் மூக்குக்கு என்று ஒரு தனி மரியாதை இருந்தது. தோல் கழுவிய தண்ணீர் போய்ச் சேரும் கழிவுத் தொட்டியில் இறங்கிச் சேறு அள்ளும் ஆட்களில் அவன்தான் மூத்தவன். மூடியைத் திறந்ததும் விளிம்பில் குந்தி, தலையை நீட்டி, மூச்சை இழுத்துப் பார்ப்பான். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் கையை உயர்த்துவான். எல்லோரும் டீ குடிக்கப் போய்விடுவார்கள். நாற்றம் போய்விட்டது என்று அவன் சொன்ன பிறகுதான் ஏணி இறங்கும். அந்தச் சொல்லுக்கு மேனேஜர் சம்பத் கூட மறுபேச்சு பேசியதில்லை.

அவன் மனைவி சௌந்தரம் அந்தத் தொட்டியைக் கண்ணால் பார்த்தவள் அல்ல. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் மெஷின் முன்னால் முதன்முதலாக உட்கார்ந்தபோது அவளுக்கு மீசை முளைக்காத தம்பிகளும் கடன்பட்ட அப்பாவும் இருந்தார்கள். தம்பிகளைக் கரை சேர்த்து, கல்யாணம் முடித்து, மகள் ஜோதியைப் பெற்று, தபால் வழியில் பட்டம் வாங்கி, சூப்பர்வைசர் ஆவதற்குள் காதோரம் நரைத்துவிட்டது. அந்தச் சமயத்தில் கம்பெனியின் பாதுகாப்புப் பிரிவில் ஒரு இடம் காலியானது. தொழிலிடப் பாதுகாப்புச் சட்டமும் மேலாண்மையும் படித்து ஓராண்டு டிப்ளமோ வாங்கினால் அந்த இடம் அவளுக்கு என்றார்கள்.

ஞாயிறுதோறும் வேலூர் சத்துவாச்சாரியில் வகுப்பு. உடன் படித்தவர்கள் இன்ஜினியரிங் முடித்த பையன்கள். முதல் நாள் அவள் உள்ளே நுழைந்ததும் டீச்சர் என்று நினைத்து மொத்தப் பேரும் எழுந்து நின்றார்கள். சௌந்தரம் வெட்கத்தோடு போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

பாடம் நடத்திய ஃபீபி மேடம் ஒரு நாள் மூடிய தொட்டிகளைப் பற்றிச் சொன்னார்.

"நாத்தம் நின்னுபோச்சுன்னா கேஸ் போயிடுச்சுன்னு நினைச்சுடாதீங்க. கேஸ் ஜாஸ்தியாச்சுன்னா முதல்ல சாகறது மூக்கு. ஆள் அதுக்கப்புறம்."

சௌந்தரத்தின் பேனா நின்றுவிட்டது. கருவி வைத்துச் சோதித்து எழுத்தில் சான்று கொடுக்க வேண்டும். அல்லது சுவாசக் கருவியும், மேலே ஒருவர் பிடித்திருக்கும் கயிறும் வேண்டும். இல்லாமல் ஒருவரும் இறங்கக் கூடாது என்று தொழிற்சாலைகள் சட்டத்தின் முப்பத்தாறாம் பிரிவை மேடம் விளக்கிக்கொண்டிருந்தார். அவள் காதில் விழுந்தது புருஷனின் குரல்தான். நாத்தம் போச்சு, ஏணிய விடு.

அன்று சாயங்காலம் அவனிடம் சொன்னாள். பூவரசன் சிரித்தான்.

"உங்க மேடம் எத்தினி தொட்டில எறங்கியிருக்காங்களாம்?"

"நான் விளையாடலங்க."

"இருவது வருசமா எறங்கறேன். என் மூக்கு மேல உனக்கு இன்னா சந்தேகம்?"

சந்தேகம் அதற்குப் பிறகுதான் வந்தது. ஒரு காலையில் அடுப்பில் பாலை வைத்து, பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத் துணி உலர்த்த மாடிக்குப் போனாள். தீய்ந்த வாடை மாடி வரைக்கும் வந்தது. ஓடி வந்தால், அடுப்புக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து அவன் போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறான். பாத்திரத்தின் அடி கரியாகிக் கிடந்தது.

"வாசன வர்லயே" என்றான், நிஜமான ஆச்சரியத்தோடு.

அன்றிலிருந்து அவள் அவனைக் கவனித்தாள். புளித்து நாறிய மோரை ஊற்றிச் சாப்பிட்டான். மகள் தலையில் இருந்த மல்லிகையைக் கண்ணால் பார்த்த பிறகே பூ வாங்கினாயா என்று கேட்டான். தோல் நாற்றத்திலும் மருந்து நெடியிலும் எப்போதோ செத்துப்போன மூக்கை நம்பி நாலு குடும்பத்து ஆண்கள் தொட்டிக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

டிப்ளமோவின் செய்முறைத் தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அதற்கு முந்தின நாள் பூவரசன் சோற்றில் கை வைத்தபடி, "நாளைக்குப் பெரிய தொட்டி. மாசக்கணக்கா மூடியே கெடக்குது" என்றான்.

"கேஸ் மீட்டர் வச்சுப் பாத்துட்டு எறங்குங்க."

"அது பீரோல இருக்குது. எவனாவது தொட்டில போட்டுடுவான்னு சம்பத் சார் கவரைக் கூடப் பிரிக்கல. உனக்கு இன்னாத்துக்கு இந்தப் பேஜார்? பரீச்சைக்குப் படி."

காலையில் சௌந்தரம் வேலூர் பஸ் ஏறவில்லை. பையில் மூன்று பாட்டில்களைப் போட்டுக்கொண்டு தொழிற்சாலைக்கு நடந்தாள். ஒன்றில் பெருங்காயம் கரைத்த தண்ணீர், ஒன்றில் பினாயில், ஒன்றில் வெறும் தண்ணீர்.

மூடி திறந்திருந்தது. பூவரசன் விளிம்பில் குந்தியிருந்தான். ஏணி பக்கத்தில் கிடந்தது.

"இன்னா அண்ணி, அண்ணனுக்கு டிபனா?" என்றான் கூட வேலை செய்யும் உமர் ஃபாரூக்.

"டிபன் இல்ல தம்பி. உங்க அண்ணனுக்குப் பரீச்சை." அவள் சம்பத் பக்கம் திரும்பினாள். "சார், இது என் கம்பெனி இல்ல. நிறுத்துங்கன்னு சொல்ல எனக்கு அதிகாரம் கெடையாது. இவரு மூக்கைத்தானே நம்பறீங்க? இந்த மூணுல எது இன்னான்னு கண்ணைக் கட்டிக்கிட்டு சொல்லட்டும். சொல்லிட்டா நான் வந்த வழியே போய்டறேன்."

"வீட்டுக்குப் போ சௌந்தரம்" என்றான் பூவரசன் அடிக்குரலில்.

"சொல்லிடுங்கண்ணே, ஒரு நிமிசம்" என்று உமர் ஃபாரூக்கே துண்டை எடுத்து அவன் கண்ணைக் கட்டினான். எல்லோருக்கும் அது விளையாட்டாக இருந்தது.

முதல் பாட்டிலைத் திறந்ததும் தள்ளி நின்ற ஆட்கள் மூக்கைச் சுளித்தார்கள். பெருங்காயம். பூவரசன் முகர்ந்தான்.

"தண்ணி."

"அண்ணே, டபாய்க்காதீங்க" என்று ஃபாரூக் சிரித்தான்.

அடுத்தது பினாயில். "இதுவும் தண்ணிதான்."

சிரிப்பு நின்றது. மூன்றாவது பாட்டிலை அவன் வெகுநேரம் மூக்கோடு வைத்திருந்தான். வேறு ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"பினாயில்."

அது வெறும் தண்ணீர். பூவரசன் துண்டைத் தானே அவிழ்த்தான். வரிசையாக நின்ற பாட்டில்களைப் பார்த்தான். பிறகு ஆட்களின் முகங்களைப் பார்த்தான். மனைவியைப் பார்க்கவில்லை.

"நீ பரீச்சைக்குப் போவல?"

"போவல."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போய்விட்டான். அவன் முதுகு மறைந்ததும் உமர் ஃபாரூக், "சார், நான் எறங்க மாட்டேன்" என்றான். மற்றவர்களும் ஏணியிலிருந்து விலகி நின்றார்கள். சம்பத் சௌந்தரத்தை முறைத்துவிட்டு மூடியை இழுத்துப் போடச் சொன்னார்.

சில நாள் கழித்துக் கழிவை உறிஞ்சும் லாரி வந்து ஆள் இறங்காமலே சேற்றை இழுத்துக்கொண்டு போயிற்று. அந்த ஞாயிற்றுக்கிழமை தொட்டிக்குள் கேஸ் இருந்ததா, இல்லையா என்பது இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. அன்றைக்கு இறங்கியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று பூவரசன் டீக்கடையில் சொன்னதாக அவள் காதுக்கு வந்தது. இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

தேர்வுக்குப் போகாததால் டிப்ளமோ அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போயிற்று. பாதுகாப்புப் பிரிவு வேலை, முதல் நாள் அவளுக்கு எழுந்து நின்ற பையன்களில் ஒருவனுக்குப் போயிற்று. அவன் போன் செய்து, "மேடம், தப்பா நினைச்சுக்காதீங்க" என்றான். அவள் வாழ்த்துச் சொல்லி போனை வைத்தாள்.

வீட்டில் பூவரசன் அவளோடு பேசவில்லை. சோறு வேண்டும் என்றால் ஜோதியிடம் சொல்வான். சௌந்தரமும் ஜோதி வழியாகவே பதில் சொன்னாள். நடுவில் நின்ற மகள், "நான் இன்னா போஸ்ட்மேனா?" என்று கத்திவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்கும் இருவரும் சிரிக்கவில்லை.

தொழிற்சாலையில் மீட்டரின் கவரைப் பிரித்தார்கள். கயிறு கட்டித் தொட்டிக்குள் விடும் அந்த மஞ்சள் கருவிக்கு ஆட்கள் "பூவரசன் மூக்கு" என்று பெயர் வைத்தார்கள். முதலில் அந்தப் பெயரைச் சொன்ன உமர் ஃபாரூக்கைப் பூவரசன் அடிக்கப் பாய்ந்தான். பிறகு கயிற்றைப் பிடிக்கும் வேலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டானாம். இதையும் ஊரார் சொல்லித்தான் சௌந்தரம் தெரிந்துகொண்டாள்.

மழை தூறிய ஒரு சாயங்காலம் அவன் சட்டைக்குள் எதையோ பொத்தி எடுத்து வந்தான். சமையலறை வாசலில் நின்று, மஞ்சள் மீட்டரையும் அதன் சார்ஜரையும் வெளியே எடுத்தான்.

"அங்க வச்சா போனுக்கு சார்ஜ் போடறதுக்கு இதைப் புடுங்கிடறானுங்க." தரையைப் பார்த்துச் சொன்னான். "இதை எங்க குத்தணும்?"

சௌந்தரம் மிக்சியின் ஒயரைப் பிடுங்கி அவனுக்கு இடம் விட்டாள்.