சின்னக்கானல் கோடையில் மூன்று புத்தகங்கள்

சித்திரை மாதத்தில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, காலடியில் கரியடுப்பை வைத்துக்கொண்டு ஒருத்தி புத்தகம் படிப்பதை எங்கள் சாத்தூரில் யாராவது பார்த்தால், காய்ச்சல் என்று நினைத்துக் கஷாயம் கொண்டுவந்துவிடுவார்கள். மலைமேல் இருக்கும் சின்னக்கானலில் அது சாதாரணம். இங்கே புத்தகத்தின் தாளிலும் ஈரம் ஏறிவிடுகிறது. பக்கத்தைப் புரட்டினால் சத்தம் வருவதில்லை, துணியை மடிப்பது போலிருக்கிறது. சாத்தூரில் கோடை விடுமுறை என்றால் தாள் மொரமொரவென்று காய்ந்து கிடக்கும். அக்காவும் நானும் வாடகைக்கு எடுத்த நாவலை நடுவில் இரண்டாகப் பிரித்து, அவள் முன்பாதியும் நான் பின்பாதியுமாகப் படிப்போம். யார் யாரைக் கல்யாணம் செய்தார்கள் என்பது எனக்கு முதலில் தெரிந்துவிடும். ஏன் செய்தார்கள் என்று தெரிய அக்கா முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும்.

கோடை வந்தால் என்ன படிக்கலாம் என்று என்னோடு படித்த பெண்கள் இப்போதும் கேட்டு எழுதுகிறார்கள். கல்யாணமாகி மலையேறிவிட்டதால் எனக்கு ஓய்வு நிறைய என்று அவர்களுக்கு எண்ணம். இந்த வருஷம் மூன்று புத்தகங்களைச் சொல்லப் போகிறேன். அவற்றை எப்படிப் படித்தேன் என்பதையும் சொல்லாவிட்டால் சிபாரிசுக்கு அர்த்தமில்லை.

என் வீட்டுக்காரர் தேயிலை ஃபாக்டரியில் ஃபிட்டர். எங்கள் குவார்ட்டர்ஸுக்கு அடுத்த வீட்டில் எஸ்டேட் ஆஸ்பத்திரி கம்பவுண்டர் குடும்பம். கோட்டயம் பக்கத்துக்காரர்கள். கம்பவுண்டரின் மனைவி மரியாம்மா என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். பங்குனியில், ஆறாம் மாதத்தில், எனக்குக் குழந்தை தங்காமல் போய்விட்டது. அதைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் மரியாம்மா ஒரு தூக்கில் கஞ்சியோடு வந்தார். என் கட்டிலருகே உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒத்திரி விஷமம் உண்டு, அல்லே மோளே? விஷமிக்கண்ட, கேட்டோ" என்றார்.

ஒத்திரி என்றால் நிறைய என்பது மட்டும் எனக்குத் தெரியும். என்னிடம் நிறைய விஷமம் இருக்கிறதாம். இனிமேல் விஷமம் செய்யக் கூடாதாம். ஏதோ வேண்டாததைச் செய்துதான் பிள்ளையைப் போக்கிக்கொண்டேன் என்று இந்த அம்மாள் என் முகத்துக்கு நேரே சொல்கிறாள் என்று நினைத்தேன். கையை உருவிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். அதன் பிறகு அவர் கதவைத் தட்டினால் தூங்குவது போல் இருந்துவிடுவேன். கஞ்சித் தூக்கு மட்டும் வாசலில் வந்து உட்கார்ந்திருக்கும். வீட்டுக்காரர் அதை எடுத்துவைத்துச் சாப்பிட்டுவிட்டு, கழுவிக் கொடுத்துவிடுவார்.

அந்த நாட்களில் என்னால் கதை படிக்க முடியவில்லை. கதை என்றால் எப்படியும் அதில் ஒரு குழந்தை வந்துவிடுகிறது. கதையல்லாமல் வீட்டில் இருந்த ஒரே அச்சுத்தாள், காந்தலூரிலிருந்து காய்கறி கொண்டுவரும் ஒருவர் மறந்து விட்டுப்போன சின்னப் புத்தகம். உருளைக்கிழங்கு பயிரிடும் முறை. என் முதல் சிபாரிசு அதுதான். விளையாட்டாகச் சொல்லவில்லை. எந்த மண்ணில் எவ்வளவு ஆழத்தில் ஊன்ற வேண்டும், முளை கருகினால் என்ன காரணம், மறுபடி ஊன்ற எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று அடித்துப் பேசாத நடையில் எழுதியிருந்தார்கள். கருகியதற்கு மண்ணையோ விதையையோ அவர்கள் திட்டவில்லை. பனி விழுந்தது, கருகிவிட்டது, அவ்வளவுதான். அதை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். துக்கத்தில் இருப்பவர்களுக்கு ஆறுதல் புத்தகங்களைக் கொடுக்காதீர்கள். இப்படி ஒன்றைக் கொடுங்கள்.

சித்திரை பிறந்ததும் வீட்டுக்காரர் எஸ்டேட் கிளப்பிலிருந்து ஒரு தடித்த பைண்டு புத்தகம் எடுத்துவந்தார். வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை யாரோ வாரம் வாரம் கிழித்துச் சேர்த்துத் தைத்தது. ரயில்வே ஸ்டேஷன் ஒன்றில் டிக்கெட் கொடுக்கும் பெண்ணின் கதை. ஒரே மூச்சில் படிக்கலாம், சிரிப்பும் வரும். அதுவே இரண்டாவது சிபாரிசு. ஆனால் நான் படித்த பிரதி உங்களுக்குக் கிடைக்காது. பல பக்கங்களின் ஓரங்கள் தடிப்பாக இருந்தன. விளம்பரம் இருக்கவேண்டிய இடங்களில் எல்லாம் பழுப்புத்தாள் ஒட்டியிருந்தது. சிலவற்றில் பசை இன்னும் காயவில்லை. ஒன்றை நகத்தால் மெல்லப் பிரித்துப் பார்த்தேன். பால்பவுடர் டப்பாவைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் ஒரு குழந்தை. இன்னொன்றில் கிரைப்வாட்டர். புத்தகத்தை என்னிடம் கொடுப்பதற்கு முன் அந்த மனிதர் ஃபாக்டரியில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை தேடித் தேடி ஒட்டியிருக்கிறார். எனக்குத் தெரிந்து அவர் ஒரு கதையும் முழுதாகப் படித்தவரில்லை.

அன்று சாயங்காலம் அவர் வேலை முடிந்து வந்ததும், அத்தனை நாளும் பேசாததை எல்லாம் பேசினேன். பேச்சோடு பேச்சாக, அடுத்த வீட்டுக்காரி என்னைச் சொன்னதையும் சொன்னேன். அவர் சட்டைப் பித்தானைக் கழற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"விஷமம்னா சொன்னாவ?"

"ஆமா. விஷமம் பண்ணாதேன்னு."

"அடப்பாவமே! மலையாளத்துல விஷமம்னா துக்கம்மா. மனசு கஷ்டப்படாதன்னு சொல்லியிருக்காவ. அந்தம்மா தெனமும் எங்கிட்ட உன்னையத்தான் கேக்காவ."

மறுநாள் காலை நானே அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினேன். என்ன சொல்வது என்று யோசித்துப் போன வாக்கியம் எதுவும் வாயில் வரவில்லை. "சேச்சி, விஷமம் உண்டு" என்றேன். அவர் என்னை உள்ளே இழுத்து அடுப்பருகே உட்காரவைத்தார். சுவரில் ஏசுநாதர் படம், அதன் கீழே அலமாரியில் ஒரு வரிசைப் புத்தகம். நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, ஒன்றை உருவி எடுத்தார். "ஞான் வாயிக்காம். நீ கேட்டோ" என்றார். நான் வாசிக்கிறேன், நீ கேள் என்று அதற்குப் பொருள்.

இப்படித்தான் மூன்றாவது புத்தகம் வந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் வாசிப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் விரல் போகும் எழுத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பேன். கதாநாயகி ஒரு கடத்துகாரி. கடத்தல்காரியாக்கும் என்று நான் இரண்டு அத்தியாயம் காத்திருந்தேன். மறையூர் சந்தனக்கட்டை எப்போது வரும், போலீஸ் எப்போது வரும் என்று பார்த்தால், அந்தப் பெண் கரையிலிருந்து கரைக்கு ஆட்களைத் தோணியில் ஏற்றி இறக்குவதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை. கேட்டபோது மரியாம்மா சேச்சி சிரித்த சிரிப்பில் உள்ளேயிருந்து கம்பவுண்டர் எட்டிப் பார்த்தார். மலையாளத்தில் கடத்து என்றால் ஆற்றைக் கடத்திவிடுவது. பதிலுக்கு ஒரு நாள் நான் தொடர்கதையை வாசித்தேன். ஸ்டேஷனுக்குள் வெள்ளம் வந்துவிட்டது என்று பயங்கரமான கட்டத்தைப் படித்தபோது சேச்சி, "வெள்ளம் வந்நால் நல்லதல்லே?" என்றார். அவர்களுக்கு வெள்ளம் என்றால் தண்ணீர். அந்த வாரம் குவார்ட்டர்ஸ் குழாயில் தண்ணீர் வரவில்லை. அவர் சொன்னதும் நியாயம்தான்.

பாதிப் புத்தகம் தாண்டியதும் ஒரு மதியம் சேச்சி சட்டென்று நிறுத்திப் புத்தகத்தை மூடினார். கல்யாணத்துக்கு முன்பு படித்தது, இந்த இடம் நினைவில்லாமல் போயிற்று, வேறு புத்தகம் எடுக்கிறேன் என்று எழுந்தார். என்ன இடம் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"புள்ளை செத்துப்போகுதா சேச்சி?"

அவர் புத்தகத்தை அலமாரியில் செருகப் போனார்.

"வாசிங்க" என்றேன்.

வாசித்தார். கடத்துகாரியின் குழந்தை அவள் தினமும் துழாவும் அதே ஆற்றில் போய்விடுகிறது. மறுநாள் காலை மறுகரையில் ஆட்கள் நின்று கூவுகிறார்கள். அவர்களுக்குச் செய்தி தெரியாது. அவள் எழுந்து தோணியை அவிழ்க்கிறாள். நான் பங்குனியிலிருந்து அழாத அழுகையை அங்கேதான் அழுதேன்.

இன்னும் சில அத்தியாயங்கள் பாக்கி இருக்கும்போது சாத்தூரிலிருந்து என் அண்ணன் வந்து இறங்கினான். போடிமெட்டு வளைவுகளில் வாந்தியெடுத்துச் சோர்ந்திருந்தாலும், வந்த வேகத்தில் பேச ஆரம்பித்தான். "அம்மா கையோட கூட்டியாரச் சொல்லிருச்சு. மாப்பிள்ளைக்கும் அங்கன தீப்பெட்டி ஆபீஸ்ல மெஷின் வேல பாத்திருக்கேன். இந்தக் குளிரும் மலையும் நமக்கு ஆகாது செல்வி." வீட்டுக்காரர் எதிர்த்துப் பேசவில்லை. "முதல்ல போயி ஒடம்பத் தேத்திக்கிட்டு வா. மத்தத நீ சொல்லுதபடி பாப்போம்" என்றார். நான் பெட்டியைக் கட்டிவைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய் அந்தப் புத்தகத்தைக் கேட்டேன்.

"மலையாளப் புத்தகமா? உனக்கு எப்ப இருந்து படிக்கத் தெரியும்?" என்றான் கூடவே வந்த அண்ணன்.

"இன்னும் சரியாத் தெரியாது. அதான் கேக்கேன்."

சேச்சி புத்தகத்தை என் கையில் வைத்து, முடிவை நான் சொல்லமாட்டேன், நீயே வாசித்துக்கொள் என்று அவர் மொழியில் சொன்னார்.

சாத்தூரில் எனக்கு நல்ல வெயில் கிடைத்தது, கருவாட்டுக் குழம்பு கிடைத்தது, பேசினால் ஒரு சொல்லும் தப்பாகாத ஜனங்கள் கிடைத்தார்கள். ஆனாலும் எழுத்தெழுத்தாகக் கூட்டி, வாய்விட்டு அந்தப் புத்தகத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் மந்திரம் ஏதோ சொல்கிறேனா என்று அம்மாவிடம் கேட்டுப் போனார்கள். வைகாசி முடிவதற்குள் புத்தகம் முடிந்தது. மலையாளம் தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம் என்று சிபாரிசு செய்கிறேன். மெதுவாகத்தான் போகும், அவ்வளவே. ஊரிலேயே இருந்துவிடுவதா என்று நான் பலமுறை யோசித்தேன். ஆனி மாதம் மறுபடி மலையேறினேன். வீட்டுக்காரர் மெஷின் வேலைக்குப் போகவில்லை. அண்ணனுக்கு அதில் இன்னும் வருத்தம்.

முடித்த அன்று நான் கண்ணைத் துடைப்பதை அம்மா பார்த்துவிட்டாள். முன்னால் மிளகாயைக் கொட்டிவைத்துக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். "மிளகா நெடியா, கதையா?" என்றாள். கதை என்றேன். "அப்படி என்ன கதை, சொல்லு" என்றாள். நானும் உட்கார்ந்து காம்பு கிள்ளிக்கொண்டே சொல்லத் தொடங்கினேன். ஒரு ஊரில் ஒருத்தி ஆற்றில் தோணி ஓட்டினாள் என்றதுமே அம்மா நிறுத்தினாள்.

"எந்த ஆத்துல?"

புத்தகத்தில் ஆற்றுக்குப் பெயர் இல்லை. அப்படி ஓர் ஆற்றை நானும் பார்த்ததில்லை. சின்னக்கானலில் இருப்பவை பாறையில் விழுந்தோடும் ஓடைகள். கரியடுப்பருகே உட்கார்ந்து சேச்சியின் மலையாளத்தைக் கேட்ட அத்தனை மதியங்களிலும், என் மனசுக்குள் அந்தத் தோணி எங்கே போய்க்கொண்டிருந்தது என்று அப்போதுதான் யோசித்துப் பார்த்தேன்.

"நம்ம வைப்பாறுதான்" என்றேன்.

"வைப்பாத்துல ஏது தோணி? முட்டளவு மணலு. மாட்டு வண்டியே தெணறும்."

அம்மா இன்னொரு கைப்பிடி மிளகாயை அள்ளி முறத்தில் போட்டாள்.

"சரி, போகுதுன்னே வச்சுக்கிடுவோம். மேல சொல்லு."

கரையிலிருந்து பார்த்தால் தண்ணீரே தெரியாத அந்த மணலில் தோணியை இறக்கி, நான் மேலே சொன்னேன்.