கத்தாத ரம்பம்

தெருவில் அவருக்குச் ‘சிக்கனம்’ என்று பெயர். முகத்துக்கு நேராகச் சொன்னாலும் கோபப்பட மாட்டார். ஏதோ பட்டம் வாங்கியவர் மாதிரி சிரித்துக்கொள்வார். பஸ் பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சும்மா உட்கார முடியாமல் வீட்டுக் கார் ஷெட்டில் (கார் கிடையாது, ஷெட் மட்டும் உண்டு) இரும்பு பைப்பை அறுத்து, வெல்டிங் வைத்து, செருப்பு ஸ்டாண்டு, பூந்தொட்டி ஸ்டாண்டு, துணி காயப்போடும் ஸ்டாண்டு என்று செய்து விற்றுவந்தார். வேலை சுத்தமாக இருக்கும். அதில் யாரும் ஒரு குறை சொன்னதில்லை.

முதலில் கை ரம்பத்தால்தான் அறுத்தார். தோள்பட்டை விட்டுப்போனதும், சரி, மெஷின் ஒன்று வாங்கித் தொலைப்போம் என்று மனைவியையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். அங்கே இரண்டு வகை இருந்தன. ஒன்று கட்டிங் மெஷின். அதில் வட்டக் கல் ஒன்று அசுர வேகத்தில் சுழன்று இரும்பைத் தேய்த்தே அறுக்கும். விலை மலிவு. மற்றது பேண்ட் சா. பல் வைத்த நீளப் பட்டை நிதானமாகச் சுற்றி அறுக்கும். பொறி பறக்காது, தூசி கிளம்பாது, ஆனால் விலையைக் கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கடைக்காரர் கட்டிங் மெஷினை ஓட்டிக் காட்டியபோது மனைவி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

“ஏங்க, என்ன இது இப்படிக் கத்துது? அந்த இன்னொண்ணைப் பாருங்களேன்.”

“மெஷின் கத்தினா கத்திட்டுப் போகட்டும். என் பர்ஸ் கத்தாம இருந்தா போதும்” என்றார் சிக்கனம்.

கடையே சிரித்தது. மனைவியும் சிரித்தாள். அந்தச் சாமர்த்தியப் பேச்சை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பல வருடம் சொல்லிக்காட்டியிருக்கிறார். இப்போது அதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது அவருக்கு.

மெஷினோடு காதை மூடிக்கொள்ளும் கவசம் ஒன்று இலவசமாக வந்தது. ஒன்றே ஒன்று. மெஷினை ஓட்டுகிறவர் மாட்டிக்கொள்ள வேண்டியது, அதில் என்ன சந்தேகம்? அவர் மாட்டிக்கொண்டார். இருபதடி பைப்பின் மறுமுனையைத் தாங்க ஒரு ஸ்டாண்டு வேண்டும் என்று கடைக்காரர் சொல்லித்தான் அனுப்பினார். ஊருக்கெல்லாம் ஸ்டாண்டு செய்கிற மனுஷன், தனக்கு ஒன்று செய்துகொள்ளவில்லை. “எதுக்கு? நீ பிடிச்சுக்க மாட்டியா?” என்று மனைவியைக் கேட்டார். அவளும் பிடித்துக்கொண்டாள்.

பைப் முழுசாக இருக்கும்போது அவள் வாசல் கேட்டை ஒட்டி நிற்பாள். துண்டு துண்டாக அது குறையக் குறைய மெஷினை நோக்கி நகர்ந்து வருவாள். கடைசித் துண்டு வரும்போது அவள் தலைக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இருக்காது. தகரக் கூரை வேறு, சத்தம் போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றும். அவர் “பிடி” என்றால் பிடிப்பாள், “விடு” என்றால் விடுவாள். பேச்சென்று பார்த்தால் அந்த ஷெட்டில் அவர்களுக்குள் அவ்வளவுதான்.

அப்புறம் வீட்டில் சண்டை ஆரம்பித்தது. கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஒன்று கேட்டால் வேறொன்று சொல்கிறாள். டிவியைத் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி வைக்கிறாள். “காதுல என்ன பஞ்சா வச்சிருக்கே?” என்று எத்தனை தடவை கேட்டிருப்பார்! அவள் “உங்களுக்கு வேற வேலையில்ல” என்று உள்ளே போய்விடுவாள். வெளியூரில் இருக்கும் மகள்கூட, “அம்மா முன்ன மாதிரி பேசுறதில்லப்பா, சரி சரின்னு சொல்லி போனை வச்சிடுறாங்க” என்று வருத்தப்பட்டாள். “உங்கம்மாவுக்கு வயசாக ஆகத் திமிர் ஏறுது, வேற ஒண்ணுமில்ல” என்று தீர்ப்புச் சொன்னார் அப்பா. பெரிய நீதிபதி!

இதற்கிடையில் அவருக்கு இருமல் வந்தது. கல் தேய்கிற தூசிதான் காரணம், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு வேலை செய்யுங்கள் என்றார் டாக்டர். தன் உடம்பு என்றதும் சிக்கனம் அன்றைக்கே போய் நல்ல மாஸ்க்காக வாங்கி வந்தார்.

மாஸ்க் போட்டு அறுத்த முதல் நாள். கல் பைப்பில் பாதி இறங்கியிருந்தது. முனையைத் தளர்த்தச் சொல்லி “விடு” என்றார். அவள் விடவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பவும் “விடு” என்றார். அவள் இன்னும் இறுக்கிப் பிடித்துத் தூக்கினாள். பைப் வளைந்து கல்லை நெரிக்க, கல் படாரென்று வெடித்தது. ஒரு சில்லு அவள் தோளுக்கு மேலே பறந்து தகரச் சுவரைக் கிழித்துக்கொண்டு போனது.

மெஷினை அணைத்து, மாஸ்க்கையும் கவசத்தையும் பிய்த்து எறிந்துவிட்டுக் கத்தினார்.

“விடுன்னா விடத் தெரியாதா? உயிரே போயிருக்கும்!”

பயத்தில் அவளுக்கு உண்மை வாய் தவறி வந்துவிட்டது.

“வாயை மூடி வச்சுக்கிட்டுச் சொன்னா எனக்கு எப்படிங்க தெரியும்?”

சொன்ன அடுத்த நொடியே, “மெஷின் சத்தத்துல ஒண்ணும் விளங்கல” என்று சமாளித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர் கீழே கிடந்த மாஸ்க்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மறுநாள் காலையில் அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னால் போய் நின்று மெல்லக் கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு கொஞ்சம் உரக்க. பிறகு இன்னும் உரக்க. திரும்பி “ஏன் இப்படி உயிரை வாங்குறீங்க?” என்று ஒரு திட்டுத் திட்டினால் போதும், ஜென்மத்துக்கும் அவளிடம் குரல் உயர்த்த மாட்டேன் என்று மனசுக்குள் கெஞ்சினார். அவள் பாட்டுக்கு நறுக்கிக்கொண்டே இருந்தாள். இத்தனை நாளும் திமிர் என்று தான் திட்டிய திட்டெல்லாம் ஒவ்வொன்றாக அவருக்கு நினைவு வந்தது. காதைக் கெடுத்தவனே, காது கேட்கவில்லை என்று ஏசியுமிருக்கிறான். பாவி, பாவி என்று தன்னையே சொல்லிக்கொண்டார்.

முன்னால் வந்து நின்று, “வா, காது டாக்டர்கிட்ட போயிட்டு வரலாம்” என்றார்.

அவள் அவர் வாயைப் பார்த்துவிட்டு, “எனக்கென்ன, நல்லாத்தான் கேக்குது. இந்த வயசுல இதுக்கு வேற காசைக் கொட்டணுமா?” என்றாள்.

எதற்கெடுத்தாலும் அவர் பேசுகிற பேச்சுதான் அது, ஒரு எழுத்து மாறாமல் அவள் வாயிலிருந்து வந்தது.

மன்னிப்புக் கேட்கத் தெரியாத ஆண்பிள்ளைகள் சாமான் வாங்கி வருவார்கள். இவரும் கடைக்குக் கிளம்பினார். கடையில் இப்போது கடைக்காரரின் மகன். கல் வேண்டாம், பல் வைத்த வட்டத் தகடு போட்ட மெஷின் இருக்கிறது, தூசி குறைவு என்று ஒன்றைக் காட்டினான். ஓட்டச் சொன்னார். அதுவும் கத்தியது. கையில் பிடித்து அறுக்கும் சின்ன பேண்ட் சா ஒன்றை எடுத்தான். விலை பரவாயில்லை, ஆனால் அவர் கை நடுக்கத்துக்கு வெட்டு நேராக வராது. கடைசியில் தரையில் நிற்கும் பேண்ட் சாவுக்கு வந்தார்கள்.

“அண்ணே, எல்லாரும் வேகம் கேப்பாங்க, விலை கேப்பாங்க. நீங்க என்ன சத்தத்தையே கேக்குறீங்க?”

“அதை ஓட்டு தம்பி” என்றார். தையல் மெஷின் அளவுக்குத்தான் முனகியது. பேரம் பேசாமல் பணத்தை எடுத்து வைத்தார். பையன் ஒருமாதிரியாகப் பார்த்தான்.

வீட்டுக்குக் கொண்டுவந்து பூட்டினார். மறுமுனையைத் தாங்க உருளை வைத்த ஸ்டாண்டு ஒன்றையும் செய்து போட்டார். இனி யாரும் பிடிக்க வேண்டியதில்லை. ஆனாலும் பைப்பை இறக்கும்போது அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து பழைய இடத்தில் நின்றாள். தோளைக் குறுக்கி, கண்ணை இடுக்கி, அந்தக் கத்தலுக்குத் தயாராக நின்றாள்.

அவர் சுவிட்சைப் போட்டார். பட்டை சுற்றியது. தன் எடையிலேயே மெல்ல இறங்கி இரும்பைத் தின்றது. அந்த முனகலைக் கேட்க அவருக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது! சிரித்துக்கொண்டே நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

அவள் இன்னும் கண்ணை இடுக்கிக்கொண்டுதான் நின்றாள்.

“மெஷினைப் போடுங்க, அடுப்புல பால் இருக்கு” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “ஏன், கரண்ட் இல்லையா?” என்று மேலே விளக்கைப் பார்த்தாள்.

அவர் பதில் சொல்வதற்குள் அறுந்த துண்டு மெஷினடியில் விழுந்தது. அவள் துண்டைப் பார்த்தாள், மெஷினைப் பார்த்தாள். கிட்டே வந்து மெஷின் முதுகில் உள்ளங்கையை வைத்தாள். அது அதிர்ந்துகொண்டிருந்தது.

பிறகு குனிந்து துண்டைப் பொறுக்கி ஓரமாக வைத்தாள்.

“அடுத்ததுக்கு அளவு சொல்லுங்க” என்றாள். “கொஞ்சம் சத்தமாவே சொல்லுங்க.”