பூந்திக்கொட்டையில் ஊறிய தங்க வாட்ச்

ஓடாத வாட்ச்சைக் கொண்டுவருகிறவரால் ரிப்பேர்க்காரனுக்கு ஒரு தொல்லையும் இல்லை, நன்றாக ஓடுகிற வாட்ச்சைக் கொண்டுவந்து, "இங்க பாருங்க, இது இன்னா?" என்று விரல் வைத்துக் காட்டுகிறாரே, அவரால்தான் ஆயுள் குறைகிறது.

தையற்கடை வைத்திருப்பவர்கள், சைக்கிளுக்குப் பெயிண்ட் அடிப்பவர்கள், அடுத்த வீட்டுப் பீரோவுக்குப் பாலிஷ் போடுபவர்கள் எல்லாருக்கும் நான் சொல்வது புரியும். அடுத்தவர் பொருளைத் தொட்டுப் பிழைக்கிற நாமெல்லாம் ஒரே சாதிதான். எழுபதுகளில் வில்லியனூர் கடைத்தெருவில் எனக்கு ஒரு கடை இருந்தது. கடை என்றால் முழுக்கடை அல்ல. பாதி எனக்கு, மறுபாதி ரேடியோ ரிப்பேர் பார்க்கும் செல்வராசுக்கு. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. என் பக்கம் ஊசி விழுந்தாலும் எனக்குக் கேட்க வேண்டும். அவன் பக்கம் எந்நேரமும் கொர்ரென்று இரைச்சல். அந்த இரைச்சலுக்கு நடுவே நான் பட்ட பாட்டில் கொஞ்சத்தை இங்கே சொல்கிறேன்.

அழுக்கு பழசு

தொழிலுக்கு வந்த புதிதிலேயே ஒன்று தெரிந்துகொண்டேன். மனிதர்கள் வாட்ச்சில் மணி பார்ப்பார்களே தவிர, வாட்ச்சைப் பார்ப்பதே இல்லை. ரிப்பேருக்குக் கொடுத்துத் திரும்ப வாங்குகிற அன்றுதான் முதல் முறையாக அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். பத்து வருஷமாகக் களத்திலும் கிணற்றடியிலும் பட்ட அடியெல்லாம் அன்றைக்குத்தான் கண்ணில் படும். பழி நம் தலையில் விழும்.

ஒரு ரைஸ்மில் மேனேஜர் ஸ்ட்ராப் மாற்றிக்கொண்டு போனார். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார். வாட்ச்சின் முதுகில் ஒரு கீறலாம், நேற்று வரை இல்லையாம். நான் லென்ஸை அவர் கண்ணிலேயே மாட்டிவிட்டு, கீறலுக்குள் கறுப்பாக இறுகிப்போயிருந்த அழுக்கைக் காட்டினேன். அது சேர நாலைந்து வருஷமாவது ஆகியிருக்கும் என்று பணிவாகச் சொன்னேன். அவர் நிதானமாகப் பார்த்தார். லென்ஸைக் கழற்றி என் கையில் கொடுத்தார். பிறகு சொன்னார்: "அழுக்கு பழசு பாய். கீறல் புதுசு."

பதினேழு கல்

அந்த வாரமே ஒரு நோட்டு வாங்கினேன். வாட்ச் உள்ளே வரும்போதே அதில் எங்கெங்கே கீறல், எங்கெங்கே புள்ளி என்று எழுதி, வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்கிவிடுவது. இனி எவனும் என்னை அசைக்க முடியாது என்று நிம்மதியாக இருந்தேன். குருவிநத்தம் வேணுகோபால் வரும் வரை இருந்தேன்.

வேணுகோபால் ஆற்றோரத்தில் நெல்லும் கரும்பும் வைக்கிறவர். அவர் மனைவி அஞ்சலைக்குப் பிறந்த வீடு வில்லியனூர் என்பதால், எது பழுதானாலும் இங்கேதான் வருவார். அவர் தம்பி பிரான்ஸ் பட்டாளத்தில் இருந்தார். அண்ணன் மகள் கமலாவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், மாப்பிள்ளைக்குப் போட ஒரு தங்க வாட்ச் அனுப்பியிருந்தார். அசல் சுவிஸ். தீப்பெட்டி கனம்கூட இல்லை. அதைப் போன்ற ஒன்றை அதுவரை நான் படத்தில்தான் பார்த்திருந்தேன். கையில் வாங்குமுன் கையைத் துடைத்துக்கொண்டேன்.

வேணுகோபால் கொடுக்கவில்லை. உள்ளே பதினேழு கல் இருப்பதாகத் தம்பி எழுதியிருக்கிறார், முதலில் எண்ணிக் காட்டு என்றார். அவை சக்கரங்களின் அச்சு தேயாமலிருக்க வைக்கிற கல், மோதிரத்தில் வைக்கிற கல் அல்ல, விற்றாலும் வாங்க ஆள் கிடையாது என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. வாட்ச் அவர் கையில் இருக்கும்போதே மூடியைத் திறந்து லென்ஸைக் கொடுத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினார். மேலே தெரிந்தவை ஒன்பது. மற்றவை தகட்டுக்கு அடியில் இருக்கின்றன, எல்லாவற்றையும் கழற்றினால்தான் தெரியும் என்றேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வாட்ச்சைக் கொடுத்தார். "ஒம்போது என் கண்ணால பாத்துட்டேன் பாய். மீதி எட்டு உங்க அல்லா பொறுப்பு."

நாலு மணிப் பக்கம்

இத்தனைக்கும் வாட்ச் ஒரு நொடி பிசகாமல் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் எதற்கு வந்தார் என்றால், டயலில் நாலு மணிக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி இருக்கிறதாம். எனக்குத் தெரியவில்லை. லென்ஸ் மாட்டியும் தெரியவில்லை. வாட்ச்சைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் தெரிந்தது. ஊசி முனையில் பாதி இருக்கும். பூச்சு போடும்போதே விழுந்தது. அதை எடுக்கப் போனால் பூச்சும் சேர்ந்து வரும். "அண்ணே, இத இப்படியே வுட்டுடுங்க, ஒருத்தர் கண்ணுலயும் படாது" என்றேன்.

அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார். கமலாவுக்குச் சின்ன வயதில் கொதிக்கிற கஞ்சி தெறித்துக் கன்னத்தில் ஒரு தழும்பு. முன்பு ஒரு வரன் அதைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டது. இப்போது பாகூரில் அமைந்த சம்பந்தி ராமலிங்கம், தழும்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் குறை கண்டுபிடிப்பதில் பேர்போனவர். நிச்சயத்துக்குக் கொண்டுபோன பட்டு வேட்டியில் ஒரு இழை விலகியிருந்தது என்று அப்போதே மடித்துத் திருப்பிக் கொடுத்தவர். தழும்பைப் பொறுத்தவர் வாட்ச்சின் புள்ளியையும் பொறுப்பாரா? வேணுகோபால் அதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. எனக்கும் இரண்டு பெண்கள்.  பேச்சை மாற்ற நோட்டை எடுத்து, "நாலு மணிப் பக்கம் ஒரு புள்ளி" என்று எழுதி அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் பேனாவைத் தொடவே இல்லை, வாட்ச்சை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "நான் கையெழுத்துப் போட்டா குறை இருக்குதுன்னு ஆயிடும் பாய்."

தங்கம்னா தங்கம்தானே

கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது, காலையில் கடைப் பலகையை எடுத்துக்கொண்டிருந்தேன். வேணுகோபாலும் அஞ்சலையும் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். வேணுகோபால் கையில் ஒரு வெள்ளைத் துணி முடிச்சு. பிரித்துப் பார்த்தேன். வாட்ச் கண்ணாடிக்கு உள்பக்கம் புகை பிடித்தாற்போல் இருந்தது. ஆட்டினால் உள்ளே நீர் தளும்பியது.

நடந்தது இதுதான். கல்யாணத்துக்காக அஞ்சலை வீட்டு நகைகளையெல்லாம் எடுத்து, பூந்திக்கொட்டையைத் தட்டிப்போட்டு ஊறவைத்த தண்ணீரில் கழுவியிருக்கிறார். நம் பக்கத்தில் எந்த வீட்டில் செய்யவில்லை? தங்கம் பளிச்சென்று ஆகிவிடும். வாட்ச்சும் தங்கம்தானே என்று கிண்ணத்தில் அதையும் போட்டிருக்கிறார். பத்து நிமிஷம் ஊறியிருக்கிறது. பிறகு பழைய பிரஷ்ஷால் இதமாகத் தேய்த்தும் விட்டிருக்கிறார்.

நான் லென்ஸை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.  எல்லாவற்றையும் கழற்றி, வெள்ளை பெட்ரோலில் அலசி, விளக்குச் சூட்டில் காயவைத்தேன். பதினேழு கல்லும் கண்ணுக்குத் தெரிய மேஜை மேல் கிடந்தபோது கூப்பிட்டு எண்ணச் சொல்லலாம் என்று தோன்றியது. இரண்டு பேரின் முகத்தையும் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன். செல்வராசு அன்று முழுக்க ஒரு ரேடியோவையும் திருகவில்லை. சாயங்காலம் வாட்ச் ஓடிவிட்டது. ஆனால் டயலில் ஏழு மணிப் பக்கம் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு பழுப்புக் கறை. பூந்திக்கொட்டைத் தண்ணீர் ஊறிய கறை. அது போகாது. அஞ்சலை பெஞ்சில் உட்கார்ந்தபடியே கேட்டார். "தோடு, மூக்குத்தி, செயினு எல்லாத்தயும் அதுலதான பாய் கழுவனேன்? அதுக்கெல்லாம் ஒண்ணும் ஆவலியே. இது மட்டும் இன்னா தங்கம்?"

மெட்ராஸ் பெயிண்ட்

மெட்ராஸில் டயலுக்குப் புதுப் பெயிண்ட் அடித்துக் கொடுக்கிறவர்கள் உண்டு. கறை, புள்ளி எல்லாம் மறைந்துவிடும். மூன்றே நாளில் வாங்கிவந்துவிடலாம். வேணுகோபால் அன்றே ரயில் ஏறத் தயாராக எழுந்துவிட்டார்.

நான் வேண்டாம் என்றேன். பெயிண்ட் பளபளக்கும், எழுத்து தடித்துப் போகும். விவரம் தெரிந்தவன் ஒருவன் பார்த்தால் டூப்ளிகேட் என்று சொல்லிவிடுவான். கறை இருக்கிற வாட்ச் கறை இருக்கிற அசல். பெயிண்ட் அடித்த அசலை ஒருவரும் அசல் என்று நம்பமாட்டார்கள். அப்புறம் ராமலிங்கம் வேட்டியை மடித்ததுபோல் கல்யாணத்தையே மடித்து வைத்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். "அப்போ கறைய பத்தி அவருகிட்ட யாரு சொல்றது?" என்று வேணுகோபால் திருப்பிக் கேட்டார். வாய் சும்மா இருக்கவில்லை. நானே சொல்கிறேன் என்றுவிட்டேன்.  பலகைக்கு அந்தப் பக்கமிருந்து செல்வராசு குரல் கொடுத்தான். "போய்ட்டு வா பாய். அவரு உன்ன மடிச்சுக் குடுத்தா நான் போய் வாங்கிக்கினு வரேன்."

பாகூரில் ஒரு பரிசோதனை

மறுநாள் வேணுகோபாலும் நானும் பாகூர் போனோம்.  பஸ்ஸில் அவர் சட்டைப் பையில் வைத்திருந்த வாட்ச்சின் மேல் கையை வைத்தபடியே வந்தார். நெஞ்சு வலியோ என்று கண்டக்டர் விசாரித்தார்.

ராமலிங்கம் வாசலில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து, புதிதாக வாங்கிய தாம்புக்கயிற்றை முழம் முழமாக இழுத்து எங்கே நைந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.  நான் யார் என்று சொல்லி, வாட்ச்சைக் கொடுத்து, நாலு மணிப் புள்ளியிலிருந்து ஏழு மணிக் கறை வரை, பூந்திக்கொட்டை உட்பட ஒன்று விடாமல் சொன்னேன். மூடியின் ஓரத்தில் மயிரிழை மாதிரி ஒரு கீறல் இருப்பதையும் சொன்னேன். அது வேணுகோபாலுக்கே தெரியாது. அவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார்.

ராமலிங்கம் என் லென்ஸைக் கேட்டு வாங்கினார். டயலைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார், ஸ்ட்ராப்பின் தையலைப் பார்த்தார். உள்ளிருந்து ஒரு பெண் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அதைக் குடிக்கக்கூட எங்களுக்குத் தைரியம் வரவில்லை. வேணுகோபாலின் நெற்றியில் வேர்வை வழிந்தது. ராமலிங்கம் மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார். பிறகு லென்ஸைக் கழற்றி, சலிப்போடு என்னிடம் நீட்டினார். "எல்லாத்தயும் நீயே சொல்லிட்டியேயா. நான் கண்டுபிடிக்கறதுக்கு ஒண்ணு மிச்சம் வெச்சியா? சரி சரி, மாப்ளைக்கே போடுங்க."

தெரு முனை திரும்பியதும் வேணுகோபால் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தூசி என்று சொல்லிக்கொண்டோம். பஸ் ஏறும்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. "மூடியில கீறல் இருக்குதுன்னு எங்கிட்ட ஏன் பாய் சொல்லல?"

கரும்புக்குத் தண்ணி

கல்யாணம் ஆகி ஒரு வருஷம் கழித்து, ஒரு மத்தியான வேளையில் கமலாவும் அவள் வீட்டுக்காரரும் கடைக்கு வந்தார்கள்.  ஒரு வருஷம் கழித்து ராமலிங்கம் புதிதாக எதையோ கண்டுபிடித்துவிட்டார் என்றே நினைத்தேன். அப்படி ஒன்றும் இல்லை. எண்ணெய் போட்டுச் சுத்தம் செய்யத்தான் கொண்டுவந்திருந்தார்கள்.

வாட்ச்சை வாங்கிப் பார்த்தேன். கறை அப்படியே இருந்தது. கமலாவின் கன்னத்துத் தழும்பு, அவள் சிரித்தபோது குழியோடு சேர்ந்துகொண்டது. மனசு கேட்காமல் கறையைப் பற்றி அவளிடமே மன்னிப்புக் கேட்டேன். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அந்த உசந்த வாட்ச்சில் எண்ணே கிடையாது. பன்னிரண்டு மெல்லிய கோடுகள்தான். வீட்டில் ஒருவருக்கும் அதில் மணி பார்க்க வரவில்லையாம். பம்ப்செட்டுக்குக் கரண்டு வருவதோ காலை ஏழு மணிக்கு. சின்ன முள் கறைக்குள் நுழைந்தால் ஓடிப்போய் மோட்டார் போட வேண்டியது. ராமலிங்கம் உட்பட வீடே அப்படித்தான் மணி பார்க்கிறதாம். கமலாவின் வீட்டுக்காரர் வெளியூர் போகும்போது வாட்ச்சை ஆணியில் மாட்டிவிட்டுப் போவாராம், மோட்டார் போடுவது கமலாவின் வேலை. நான் மூடியைத் திறக்கப் போனேன். கமலா பதறிக் கையை நீட்டினாள். "இன்னா வேணா பண்ணுங்க பாய், அந்தக் கறைய மட்டும் தொட்டுடாதீங்க. எங்க கரும்பு காஞ்சிடும்."

ஆக, நான் கண் வலிக்க வலிக்கச் சரிசெய்து கொடுத்த நூற்றுக்கணக்கான வாட்ச்சுகளைப் பற்றி ஒருவரும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. போக்க முடியாமல் கைவிட்ட ஒரு கறையால்தான் குருவிநத்தத்திலும் பாகூரிலும் எனக்குக் கெட்டிக்காரன் என்று பேர்.