முத்தம்மாள் அடித்த முளைகள்

ஊர்க்கூட்டத்தில் நீலமேகம் சொன்ன பொய், அன்று மாலையே அவன் மனைவி முத்தம்மாள் காதுக்கு வந்துவிட்டது. "பொம்பள வலைய மாத்தி வெச்சுட்டா"ன்னு சொன்னானாம். கட்டிய புருஷன்!

நடந்தது இதுதான். பழவேற்காட்டு ஏரியில் மீன் படுகிற இடங்களை, குடும்பத்துக்கு ஒரு நாள் என்று முறை வைத்து ஊரார் பிரித்திருந்தார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். இருபது நாளைக்கு ஒரு தடவை வரும். பொழுது கிளம்புமுன் வலை தண்ணீரில் இறங்காவிட்டால், பக்கத்திலேயே ஓடத்தில் காத்திருக்கும் அடுத்த குடும்பம் இறங்கிவிடும். அன்று நீலமேகம் இருட்டில் வாசலில் கையை விட்டு, அகப்பட்ட வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். மடவை மீன் பிடிக்கிற இடத்தில் பிரித்துப் பார்த்தால் இறால் பிடிக்கிற எறா வலை. அதை அங்கே இறக்கக் கூடாது என்பது ஊர்க்கட்டு. திரும்பி வருவதற்குள் விடிந்துவிட்டது. இன்னொரு தடவை தவறினால் வருஷம் முழுக்கப் பாடு கிடையாது என்று ஊர்ப் பெரியவரான நாட்டார் சொல்லிவிட்டார்.

அந்த வாசலைப் பார்த்த யாரும் முத்தம்மாளைக் குற்றம் சொல்ல மாட்டார்கள். குனிந்து நுழையும் ஓலை வீடு, ஒரே வழி. நீலமேகம் வந்ததும் வலையை அங்கேயே போடுவான். அவன் தம்பி ஆதிகேசவன் அதன்மேல் தன் வலையைப் போடுவான். அதற்கும் மேலே ஓடம் தள்ளுகிற தாங்குகோல், நங்கூரக் கல். ஒல்லாந்தர் கோட்டைத் தெருவில் கருவாடு விற்கப் போகிற முத்தம்மாள் இத்தனையையும் தாண்டிக் கூடையோடு வெளியே வர வேண்டும். யாராவது யாரையாவது மிதிக்காமல் அந்த வீட்டில் பொழுது விடிந்ததில்லை.

மறுநாள் அவள் விற்கப் போகவில்லை. பூவரசங் கிளையை வெட்டி, முளை சீவி, வாசலின் இரண்டு பக்க மண்சுவரிலும் அடித்தாள்.

"இன்னா அண்ணி, ஒல்லாந்தனுக்குப் போட்டியா கோட்டை கட்றியா?" என்றான் ஆதிகேசவன்.

"வெளிய போறப்ப வலது கைப்பக்கம் மடவை வலை. எடது கைப்பக்கம் எறா வலை. கல்லும் கோலும் வெளிய. கண்ணுதான் தெரியலன்னா கையாவது தெரியட்டும்."

"ஈர வலைய யாரு தூக்கி மாட்றது?"

"ஏரில இழுக்கிற கைதானே? வூட்டுக்குள்ள வந்தா செத்துப் பூடுமா?"

நீலமேகம் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் அவளுக்கு ஆறவே இல்லை.

அன்றிலிருந்து மாட்டாத வலையைத் தெருவில் எறிந்தாள். நாலாம் நாள் நீலமேகம் வழிக்கு வந்தான். ஆதிகேசவன் வரவில்லை.

அடுத்த பாடு நாள். கோழி கூவும்போது எழுந்தால், நிலைப்படிக்குக் குறுக்கே ஆதிகேசவனின் எறா வலை, சொட்டச் சொட்ட. நீலமேகத்தின் கால் அதில் சிக்கியது. முத்தம்மாள் குனிந்து வலையை வாரிச் சுருட்டிச் சேற்றில் வீசினாள்.

"ஐயோ, என் வலை!"

"பாடு முடிஞ்சு வந்து கழுவிக்கடா! ஓடு!"

நீலமேகம் வலது பக்கம் கையை நீட்டினான். மடவை வலை கைக்கு வந்தது. அண்ணனும் தம்பியும் ஓடினார்கள். அடுத்த ஓடத்துக்காரன் தன் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தபோது இவர்கள் வலை தண்ணீரில் விழுந்தது.

கரையில் மடவை துள்ளியது. நாட்டார் வந்து பார்த்தார்.

"பரவால்லடா நீலமேகம். இந்தத் தபா பொண்டாட்டிய நம்பாம நீயே எடுத்து வெச்சுக்கின போல."

கரைக்கு வந்து மீனைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்த முத்தம்மாளின் கை நின்றது.

"சொல்லுயா. போன தபா வலைய மாத்தி எடுத்தது யாரு?"

நீலமேகம் மீனைப் பார்த்தபடி, "நான்தான்" என்று முனகினான்.

"நாட்டாருக்குக் கேக்கல."

"நான்தான் நாட்டாரே! பாக்காம எடுத்துட்டேன்!"

கரையில் யாரோ சிரித்தார்கள். முத்தம்மாள் சிரிக்கவில்லை. கூடையைத் தலையில் ஏற்றிவிட அவனையே கூப்பிட்டாள். ஏற்றிவிட்டான். இந்நேரம் கோட்டைத் தெருவில் முதல் வியாபாரம் முடிந்திருக்கும். அதற்கும் அவனைத் திட்டிக்கொண்டே நடந்தாள்.