வதனி என்ற பெயர் இரண்டு தடவை

நேற்று மகள் கணினியில் நிரல் எழுதிப் பழகிக்கொண்டிருந்தாள். பட்டியலில் எந்தப் பழம் எத்தனை தடவை வருகிறது என்று எண்ண வேண்டுமாம். ஒரே வரிதான் எழுதினாள். மாம்பழம் இரண்டு என்று விடை வந்து விழுந்தது. "எவ்வளவு சுகம் பாருங்கம்மா" என்றாள். ஓம் என்றேன். என் நினைப்பு வேறொரு பட்டியலுக்குப் போயிற்று.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு, மட்டக்களப்பில் ஒரு நிவாரண அலுவலகத்தில்தான் எனக்கு முதல் வேலை. வாவிப் பக்கம் யன்னல். உப்புக்காற்றில் விசைப்பலகை எந்நேரமும் பிசுபிசுக்கும். மீன் வாடை வேறு. மற்றவர்களுக்குக் கணினியின் சுவிட்சைத் தொடவே பயம். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை நான், தலைக்கனத்துக்குக் குறைவில்லை. சுனாமிக்கு முந்திய பழைய குடும்பப் பட்டியலோடு புதியதைச் சேர்த்தபோது ஆட்கள் இரட்டித்தார்கள். பெயர், தகப்பன் பெயர், ஊர் மூன்றும் ஒன்றாய் வந்தால் எண்ணிப் பார்த்து, முதலாவதை வைத்துக்கொண்டு மிச்சத்தை நீக்கும்படி நிரல் எழுதினேன்.

ஒருநாள் கதிரவெளியிலிருந்து ஓர் அக்கா கைக்குழந்தையோடு பஸ்ஸேறி வந்தார். பிள்ளைக்குக் கொடுத்துவந்த பால்மா நின்றுவிட்டதாம். தேடினேன். வதனி இருந்தாள், ஆனால் வயது ஏழு.

"அது மூத்தவள், தங்கச்சி. கடலோட போயிற்றாள். மறுகா இவள் பொறந்தாள். அவள்ட பேரத்தான் இவளுக்கும் வெச்ச."

போன பிள்ளையின் பெயரை வந்த பிள்ளைக்கு வைப்பது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. அது நிரலுக்குத் தெரியாதே. செத்தவளை வைத்துக்கொண்டு, மடியில் கிடந்தவளை அழித்திருந்தது.

சின்னவளைச் சேர்த்தேன். மூத்தவளும் இருந்தால் நிரல் மறுபடி சின்னவளைத்தான் அழிக்கும். மூத்தவளை எடுத்தால்தான் பால்மா வரும்.

"எடுக்கட்டா அக்கா?"

"எடுங்க. இவள் பசியில கிடக்காள்."

நீக்குமுன், "மூத்தவள் எப்பிடி?" என்று கேட்டுவிட்டேன்.

"நண்டக் கண்டாப் பயம். ஆனா நண்டுக்கறி இல்லாட்டிச் சோறு தின்னமாட்டாள்" என்று சிரித்தார். சிரித்த வாய் மூடுமுன் அழுதார். நானும் அழுதேன். அழுதுகொண்டே அந்தப் பெயரை நீக்கினேன்.

அந்த அலுவலகம் இருந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசிக் கடை. பட்டியல்களில் ஆளுக்கோர் இலக்கம் வந்துவிட்டது. பெயர் எத்தனை தடவை வந்தாலும் குழம்பாது. நல்லதுதான், எந்தப் பிள்ளைக்கும் பால்மா நிற்காது. ஆனால் ஒரு தாயிடம் மூத்தவள் எப்படி என்று கேட்க, இனி யாருக்கும் ஒரு காரணமும் இல்லை.