கதவில் ஒட்டிய எண்

பல்கலைக்கழகத்தில் எல்லோருக்கும் அவர் 'ஸ்டிக்கர் அக்கா'. பதினெட்டு ஆண்டுகளாக நாற்காலி, புரொஜெக்டர், ஆய்வகக் கருவி என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் எண் ஒட்டுவதும், ஆண்டுக்கொரு முறை அவற்றைத் தேடிச் சரிபார்ப்பதும் அவர் வேலை. ஒட்டியதும் கட்டைவிரலால் மூன்று தடவை அழுத்தித் தேய்ப்பார்.

"அசந்து தூங்கினா என் நெத்தியிலயும் ஒட்டிடுவா" என்பது வீட்டுக்காரரின் நிரந்தர நக்கல்.

"காணாமப் போற சாமானுக்குத்தான் ஒட்டுவேன். நீங்க சோபாவை விட்டு எங்க போகப் போறீங்க?" என்று அக்காவும் விடமாட்டார்.

அன்று வெள்ளிக்கிழமை. நுண்ணுயிரியல் ஆய்வக டெக்னீஷியனுக்கு வெளியூர் மருத்துவமனையில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை காலை சேர்ந்தாக வேண்டும். அவர் பொறுப்பிலுள்ள அறுபத்துமூன்று பொருள்களும் இருக்கின்றன என்று அக்கா கையெழுத்துப் போட்டால்தான் இங்கே விடுவிப்பார்கள்.

அறுபத்திரண்டு மளமளவென்று முடிந்தன. கடைசியாக, கிருமி வளர்க்கும் இன்குபேட்டர். ஆளுயரப் பெட்டி. கதவிலிருந்த எண்ணில் ஸ்கேனரைக் காட்டியதும் திரையில் சிவப்பு எழுத்து: 'கழிக்கப்பட்டது.' ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே பழைய சாமான் கொட்டகைக்குத் தள்ளிய வேறொரு இன்குபேட்டரின் எண் அது. பட்டியலில் உள்ள எண்ணைக் காணோம்.

செய்தி கேட்டு ஸ்டோர்ஸ் அதிகாரி ஓடி வந்தார். "நல்ல பெட்டியைக் கைமாத்திட்டு, ஓட்டைப் பெட்டியைக் கொண்டாந்து வெச்சாச்சா?"

டெக்னீஷியனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, நான் வந்தே மூணு வருஷம்தான். அன்னைக்கும் இதேதான் இங்க நின்னுச்சு."

"சரிபார்த்துத்தானே கையெழுத்துப் போட்டு வாங்கினீங்க?" என்றார் அதிகாரி.

போட்டது உண்மைதான். ஆனால் போன ஆண்டுவரை பெட்டிகளை எண்ணி டிக் போடுவதுதான் வழக்கம். ஸ்கேனர் வந்ததே இந்த ஆண்டுதான்.

அக்கா அலட்டிக்கொள்ளவில்லை. இரண்டடி பின்னால் போய்ப் பெட்டியை ஏற இறங்கப் பார்த்தார். உடம்பு வெள்ளை. கதவு மட்டும் லேசான மஞ்சள். கீலில் இருந்த திருகுகள் மற்றவற்றைவிடப் புதிதாக மின்னின.

"தம்பி, பிளக்கைப் பிடுங்கிட்டு ஒரு கை பிடிங்க. சுவத்தை விட்டு இழுக்கணும்."

"எதுக்கும்மா? அதான் ஸ்கேனர் சொல்லிடுச்சே" என்றார் அதிகாரி.

"அது கதவைத்தான் சார் பார்த்துச்சு. நாம ஆளைப் பார்ப்போம்."

பெட்டியின் முதுகில், தயாரித்தவர்கள் பதித்த உலோகத் தகடு தூசிக்குள் கிடந்தது. அக்கா துடைத்துவிட்டு அதிலிருந்த வரிசை எண்ணை வாய்விட்டுப் படித்தார். டெக்னீஷியன் பட்டியலில் விரலை ஓட்டினார். காணாமல் போன இன்குபேட்டருக்கு நேராக அதே எண், கடைசி இலக்கம்வரை.

எப்போதோ இதன் கதவு உடைந்திருக்கிறது. ரிப்பேர்க்காரர் கழித்துப் போட்ட பெட்டியின் கதவைக் கழற்றி இதில் மாட்டியிருக்கிறார். கதவோடு அதன் எண்ணும் வந்துவிட்டது; இதன் சொந்த எண் உடைந்த கதவோடு போய்விட்டது.

"செத்தவன் சட்டையைப் போட்டுக்கிட்டு நின்னிருக்கு!" டெக்னீஷியனுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது.

அதிகாரி விடவில்லை. "கழட்டற கதவுல எண்ணை ஒட்டின புத்திசாலி யாரு?"

"நான்தான் சார். வேலைக்குச் சேர்ந்த புதுசு. கண்ணுக்கு நேரா இருந்தா சுலபம்னு கதவு இருந்ததுக்கெல்லாம் கதவுலயே ஒட்டினேன்."

அறிக்கையிலும் அப்படியே எழுதினார்: 'எண் ஒட்டிய இடம் தவறு. ஒட்டியவர் நான்.'

"உங்க பேரை எதுக்கு இழுக்கறீங்க? 'சரிசெய்யப்பட்டது'ன்னு போட்டா போதாதா?"

"போதாது சார். அப்புறம் இவர் என்னமோ செஞ்சார், நாம மூடி மறைச்சோம்னு பேசுவாங்க."

கையெழுத்துப் போட்டுத் தாளை டெக்னீஷியனிடம் நீட்டினார். தகட்டுக்குப் பக்கத்தில் புது ஸ்டிக்கரை ஒட்டி மூன்று தடவை தேய்த்தார்.

"பஸ்ஸு ஆறு மணிக்குத்தானே? கிளம்புங்க தம்பி. அங்க சேர்ந்ததும் முதல்ல சாமானோட முதுகைப் பாருங்க."

பிறகு அதிகாரி பக்கம் திரும்பினார். "திங்கட்கிழமை காலையில ஒன்பது மணிக்கு வந்துடுங்க சார். கதவு வெச்ச சாமான் இன்னும் நூத்தி நாப்பத்தொண்ணு இருக்கு. எல்லாத்தையும் சுவத்தை விட்டு இழுக்கணும்."